கண்டுபிடிச்ச கூலி 600 ரூபாய்: ஒரு ரேடியேட்டர் பட்டறையைப் பற்றி

கடற்கரையோரத்தில் பழைய டீசல் வண்டி வைத்துக்கொண்டு, சூட்டு மீட்டர் முள் எப்போது மேலே ஏறுமோ என்று பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறை உச்சிப்புளி வட்டாரத்தில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. பெயர்ப்பலகை என்று ஒன்று உண்டு. எழுத்தையெல்லாம் உப்புக்காற்று தின்றுவிட்டது, தகரம் மட்டும்தான் மிச்சம். ரேடியேட்டர் பாய் பட்டறை எது என்று கேட்டால் டீக்கடையில் காட்டுவார்கள். பெயரும் போன் நம்பரும் போடட்டுமா என்று பாயிடம் கேட்டேன். "வேணாம் தம்பி, நிக்கிற வண்டிய முடிச்சுக் குடுக்கவே நாக்குத் தள்ளுது" என்றார். அதனால் போடவில்லை.

ஸ்டார் போடச் சொன்னால் வேலைக்கு ஐந்து, நேரத்துக்கு இரண்டு. உட்கார இடத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது.

என் வண்டி 2004 மாடல் டொயோட்டா குவாலிஸ். 2446 சிசி டீசல், டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. இந்தியாவில் 2000-இல் வந்து, 2005-இல் இன்னோவாவுக்கு இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போன வண்டி. பதிவைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பாம்பனில் கருவாட்டு வியாபாரம். நெத்திலியும் சாளையும் திருக்கையும் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம், பரமக்குடி கடைகளுக்குப் போய்வர வேண்டும். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் இந்த வண்டி கொள்ளுகிற அளவு வேறெதுவும் கொள்ளாது. வாசனை பழகிவிடும்.

கோளாறு இப்படித்தான் இருந்தது. பாம்பனில் எடுக்கும்போது சரியாக இருக்கும். மண்டபம் தாண்டி, சுமையோடு 80-ஐத் தொட்டு ஓட்டினால் முள் பாதியைக் கடந்து மெல்ல ஏறும். ஆடி மாதம் கச்சான் (தென்மேற்குக் காற்று) எதிரே அடிக்கிற நாளில் இன்னும் வேகமாக ஏறும். ஓரமாக நிறுத்தினால் இறங்கிவிடும். ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் நிரம்பி வழியும். மறுநாள் பார்த்தால் ரேடியேட்டரில் குறைந்திருக்கும். ராத்திரியில் திரும்பி வரும்போதுதான் முள் ரொம்பவும் பயமுறுத்தும்.

பாயிடம் போவதற்கு முன்னால் வேறு பட்டறைகளும் பார்த்தாகிவிட்டது. பெயர் வேண்டாம். ஒரு இடத்தில், எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டார்கள். நம் பக்கம் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது: "இந்த வெயிலுக்கு இது எதுக்குண்ணே?" இன்னொரு இடத்தில் வாட்டர் பம்ப் மாற்றினார்கள். பழைய பம்ப்பில் ஆட்டமும் இல்லை, ஒழுக்கும் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றி, மேலே தண்ணீர் ஊற்றி, கீழே தாராளமாகக் கொட்டுவதைக் காட்டி, "ரேடியேட்டர்ல குத்தமே இல்ல" என்று திரும்ப மாட்டினார்கள். கடைசியாக ஒருவர், "ஹெட் கேஸ்கட் போயிருச்சு, ஹெட்ட இறக்கணும்" (எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில், புகையும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து வைக்கிற தகடுதான் கேஸ்கட்) என்று சொல்லி, லேத் கூலியோடு சேர்த்து முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொகையைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். தண்ணீர் குறைகிறது, வண்டி சூடாகிறது, ஆகவே கேஸ்கட். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

பாய் பட்டறையில் வித்தியாசம் ஆரம்பத்திலேயே தெரிந்தது. வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு காலி ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எப்ப ஏறுது? நிக்கிறப்பவா, ஓடுறப்பவா? ஏசி போட்டாத்தான் ஏறுதா? சுமை இல்லாம ஏறுதா? காலைல எடுத்த ரெண்டு நிமிஷத்துல மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆகுதா? ஆயில் டீ கலர்ல இருக்கா? நான் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். குறுக்கே பேசவே இல்லை. (கருவாட்டு வாசனைக்கு மட்டும் ஒரு தடவை மூக்கைச் சுளித்தார்.)

அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது பாலத்து விஷயம். பாம்பன் சாலைப் பாலம் தெரியும்தானே, 1988-இல் திறந்தது, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். விடுமுறை நாளில் சுற்றுலா வண்டிகளை அதன் மேலேயே நிறுத்திவிட்டு, இறங்கி ரயில் பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பின்னால் நாம் எஞ்சினை ஓடவிட்டபடி நிற்க வேண்டியதுதான். அங்கே நின்றால் முள் ஏறுமா என்று கேட்டார். ஏறாது, கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யும் என்றேன்.

"அப்ப ஃபேன் இல்ல" என்றார். அவர் சொன்ன கணக்கு இது. டீசல் எஞ்சின் ஐடிலில் அதிகமாகச் சூடு உண்டாக்காது. ஃபேன் வேலை செய்யவில்லை என்றால் நிற்கும்போதும் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும்தான் ஏறும். வேகம் எடுத்தால் எதிர்க்காற்று ஃபேன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். என் வண்டியில் எல்லாம் தலைகீழ். வேகத்தில், சுமையில், எஞ்சின் நிறைய சூடு தள்ளும்போது அதை வெளியே கொடுக்க முடியவில்லை. ஒன்று, தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. இல்லையென்றால், ஓடுகிற தண்ணீர் சூட்டை இறக்கிவைக்கவில்லை. மூன்றாவதாக, கேஸ்கட் வழியாக எரிந்த புகை தண்ணீருக்குள் வரவேண்டும். இந்த மூன்றில் எது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனர் எடுப்பேன் என்றார்.

சந்தேகத்துக்கு ஃபேனையும் கையால் சுற்றிப் பார்த்தார். குவாலிஸில் விஸ்கஸ் கப்ளிங், அதாவது சூடு ஏறினால் ஃபேனை இறுக்கிப் பிடித்துச் சுற்றவைக்கிற இணைப்பு. அது தளர்ந்து போயிருந்தால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். என்னுடையது பிடிப்பாகவே நின்றது. அதன் முன்னால், சூட்டை உணர்கிற சுருள் பட்டையில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பார்த்தார். நம் ஊரில் அந்தப் பட்டை துருப்பிடித்து இறுகிப்போவது சகஜமாம்.

அப்புறம், "வண்டிய விட்டுட்டுப் போ. காலைல வா" என்றார். எனக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய நாள். சூடாக இருக்கும்போது கேஸ்கட்டைப் பார்க்க முடியாது, ராத்திரி முழுக்கக் குளிரட்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். முழங்கைக்குக் கீழே அவருக்குப் பெரிய தழும்பு இருக்கிறது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்த காலத்தில் வந்தது என்று அவருடைய பையன் சொன்னான்.

மறுநாள் காலை நான் போனதும் என் கண் முன்னாலேயே செய்தார். மூடியைத் திறந்து கழுத்து வரை தண்ணீர் நிரப்பினார். எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முதலில் இரண்டு மூன்று குமிழ் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அது உள்ள மாட்டிக்கிட்ட காத்து, பொறு" என்றார். நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தி வைக்கச் சொன்னார். கேஸ்கட் போயிருந்தால் அழுத்த அழுத்தக் குமிழ் கூடிக்கொண்டே போகும், தண்ணீர் கழுத்திலிருந்து பொங்கும். ஒன்றும் இல்லை. மூடியைப் போட்டுவிட்டு மேல் ஹோஸை என்னையே பிடித்துப் பார்க்கச் சொன்னார். கொழகொழவென்று இருந்தது. தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லாதபோது ஹோஸ் விறைத்துக்கொண்டால் உள்ளே சிலிண்டர் அழுத்தம் வருகிறது என்று அர்த்தம். ஆயில் ஸ்டிக்கையும் உருவிக் காட்டினார், கறுப்பாகத்தான் இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட டீயின் நிறம் வந்திருக்கும்.

துண்டுச்சீட்டில் எழுதிய முப்பதாயிரம் அங்கேயே போயிற்று.

தண்ணீர் குறைவதற்குக் காரணம் ரேடியேட்டர் மூடி. ஒரு கைப்பம்ப் வைத்திருக்கிறார், அதில் மூடியை மாட்டி அழுத்தினார். 0.9 என்று அழுத்த அளவு பொறித்த மூடி அதில் பாதிகூடத் தாங்காமல் புஸ்ஸென்று விட்டது. 0.9 தாங்கினால் உள்ளே தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 118 டிகிரி வரை போக வேண்டும். மூடி தளர்ந்தால் அதற்கு வெகுமுன்பே கொதித்து டப்பாவுக்கு ஓடிவிடும். சில நூறு ரூபாய் சாமான். ஆனால் இது விளைவைத்தான் பெரிதாக்கியது, காரணம் வேறு இடத்தில் என்றார்.

பிறகு மூட்டைகளோடு நெடுஞ்சாலையில் மண்டபம் பக்கம் ஓட்டிப் போனோம். பாய் பக்கத்து சீட்டில். முள் ஏறியதும் ஓரம் கட்டச் சொல்லி, எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். பையன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த வெப்பமானித் துப்பாக்கி கையில். ரேடியேட்டர் டேங்க் பித்தளை. பளபளப்பான இடத்தில் அடித்தால் அந்தத் துப்பாக்கி குறைத்துக் காட்டுமாம். அதற்காகப் புறப்படும்போதே மேல் டேங்கிலும் கீழ் டேங்கிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தார். மேலே 101, கீழே 98.

"தண்ணி நல்லா ஓடுது. ஓடுற தண்ணி சூட்டக் குடுக்காம அப்படியே திரும்பி வருது. அடைப்பா இருந்தா கீழ இவ்வளவு சூடு வராது" என்றார். ஊற்றிப் பார்த்துக் குற்றமே இல்லை என்று அனுப்பிய பட்டறை பாதி உண்மையைத்தான் பார்த்திருக்கிறது. இதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது: "தண்ணி எறங்குறது வேற, சூடு எறங்குறது வேற."

பட்டறைக்குத் திரும்பி, கிரில்லைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற ஏசி கண்டன்சரை (ஏசி கேஸைக் குளிரவைக்கிற வலை) கேஸ் குழாயைக் கழற்றாமல் முன்பக்கம் சாய்த்தார். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மணலும் பூச்சி இறக்கையும் சருகும் கெட்டியாகப் படிந்து ஒரு பாயாக இருந்தது. தனுஷ்கோடிப் பக்கம் அரிச்சல்முனைக்குப் போய்வந்த மணல் முழுக்க அங்கேதான் இருந்தது. அதைத் தட்டி எடுத்த பிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து பையன் டார்ச் அடித்தான். நான் முன்பக்கம் குனிந்து பார்த்தேன். மேல் பாதியில் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தது. கீழ்ப் பாதி இருட்டு. பாய் அங்கே விரலை வைத்து லேசாக அழுத்தினார். செம்புத் தகடுகள் அப்பளமாக நொறுங்கிப் பச்சைப் பொடியாகக் கொட்டின. நடுவில் குழாய்கள் மட்டும் வரிவரியாக நின்றன, ஒழுக்கு ஒன்றும் இல்லாமல்.

குழாயில் இருக்கிற சூட்டை அந்த மெல்லிய தகடுதான் வாங்கிக் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். தகடு குழாயோடு ஈயப் பற்றில் ஒட்டியிருக்கும் வரைதான் அது நடக்கும். உப்புக்காற்று அந்த ஒட்டைத் தின்றுவிட்டால், பார்க்க ரேடியேட்டர் இருக்கும், வேலைக்கு இருக்காது. பின்பக்கம் எஞ்சினைப் பார்த்த முகம் நன்றாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மதுரையில் ஓடுகிற வண்டிக்கு இது இவ்வளவு சீக்கிரம் வராது. மன்னார் வளைகுடா ஒரு பக்கம், பாக் விரிகுடா ஒரு பக்கம் என்று இரண்டு கடலுக்கு நடுவில் ஓடுகிற வண்டிக்கு, கச்சான் முடிந்தால் வாடை, வாடை முடிந்தால் கச்சான். உப்பு ஓய்கிற மாதமே கிடையாது.

இதோடு முடிந்திருந்தால் சாதாரண நல்ல மெக்கானிக் என்று எழுதியிருப்பேன். ராத்திரியில் மட்டும் முள் ஏன் அதிகமாகப் பயமுறுத்துகிறது என்று நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். போட்ட நொடியில் முள் ஒரு கோடு அளவு மேலே குதித்தது. அணைத்தால் இறங்கியது. பாய் சிரித்துவிட்டார்.

"லைட்டு போட்டா உடனே தண்ணி சூடாகுமா தம்பி? தண்ணிக்கு அவ்வளவு அவசரம் எல்லாம் கிடையாது."

எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் போகிற எர்த் பட்டை, போல்ட் அடியில் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. லைட் இழுக்கிற கரண்ட்டுக்குச் சரியான வழி இல்லாமல் மீட்டர் பொய் சொல்லியிருக்கிறது. ஆக, உண்மையான சூடு ஒன்று, அதன் மேல் பொய்ச் சூடு ஒன்று. இரண்டையும் கலந்து பார்த்தால் யாருக்கும் ஹெட்டை இறக்கத்தான் தோன்றும். பட்டையைப் புதிதாகப் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை மினுங்கத் தேய்த்து, கிரீஸ் தடவிவிட்டார்.

வேலை என்று பார்த்தால், ரேடியேட்டருக்குப் புதுக் கோர், அதாவது குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதி. அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க் வைத்த ரெடிமேட் ஒன்று விலை குறைவாகக் கிடைக்கும், ஒழுகினால் தூக்கிப் போட வேண்டியதுதான். செம்புக் கோர் விலை கூடுதல். ஆனால் அடிபட்டால் ஈயம் வைத்து ஒட்டலாம், பழைய பித்தளை டேங்கையே பயன்படுத்தலாம். உப்பு இரண்டையும் தின்னும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நான் செம்பு கேட்டேன். கோர் மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. டேங்கைப் பிரித்தபோது உள்ளே வெள்ளையாகக் காறை கட்டியிருந்ததைச் சுரண்டிக் காட்டினார். முந்தைய ஓனர் காலத்துப் போர்த் தண்ணீர். இனிமேல் கூலன்ட்டும் வடிகட்டிய தண்ணீரும் பாதிக்குப் பாதி, அவசரத்துக்குக்கூட அடிபம்புத் தண்ணீர் ஊற்றாதே என்றார்.

தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போட்டார். புதுசு வாங்கி வந்ததை அப்படியே மாட்டவில்லை. டீ போடுகிற சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். 82 என்று அதன் விளிம்பில் பொறித்திருந்தது. சட்டியில் குத்தியிருந்த வெப்பமானி 80-ஐத் தாண்டியதும் நடுவிலிருந்த வட்டம் மயிரிழை விலகியது. கொதி வருவதற்குள் முழுசாகத் திறந்துகொண்டது. அது இல்லாமல் ஓட்டினால் காலையில் எஞ்சின் பதமான சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடக் குடிக்கும், தேய்மானமும் உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் பைபாஸ் வழி அடைபடாமல், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமலேயே சுற்றி வந்து சூடு கூடுமே தவிரக் குறையாது என்றும் சொன்னார்.

பணம்: கோரும் ஒட்டுக்கூலியும் 7,200. மூடி, தெர்மோஸ்டாட், எர்த் பட்டை, கூலன்ட், பெல்ட் ஒன்று எல்லாம் சேர்த்து 2,900. கழற்றி மாட்டிய கூலி 1,500. அதற்கு மேல் தனியாக 600 ரூபாய், 'கண்டுபிடிச்ச கூலி'. இந்த 600-க்குத்தான் பட்டறை வாசலில் சண்டை நடக்கும். "பாத்ததுக்கெல்லாமா காசு?" என்று நான் இருந்தபோதே ஒருவர் சத்தம் போட்டார். பாய் அசையவில்லை. கோளாறு என்ன என்று தெரிந்த பிறகு வேலையை வேறு இடத்தில் கொடுத்தாலும் சரி, அதற்கு மட்டும் வாங்கிக்கொள்வார். என்னைக் கேட்டால், பில்லிலேயே நியாயமான வரி அதுதான். தேவையில்லாத வாட்டர் பம்ப்புக்கு நான் கொடுத்த காசில் இந்தக் கூலியைப் பல தடவை கொடுத்திருக்கலாம். பார்ப்பது இலவசம் என்கிற பட்டறையில் பார்த்த காசைச் சாமான் விலையில்தான் எடுத்தாக வேண்டும், அதனால் ஏதாவது ஒரு சாமானை மாற்றித்தான் ஆவார்கள்.

கோர் மாற்றிய பிறகு அதே சாலையில், அதே சுமையோடு போய் அதே டேப் மேல் அடித்துப் பார்த்தோம். மேலே 88, கீழே 80. கழற்றிய சாமான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். செம்பை எடைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி குறைகள். சொன்ன நாளில் வண்டி வராது. "நாளைக்கு" என்றால் அதற்கு மறுநாளும் இருக்கலாம். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போய் நிற்க வேண்டும். நிற்க நிழல் கிடையாது. தகரக் கொட்டகை பகல் பதினொன்றுக்கெல்லாம் கொதிக்கும். பெண்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவதே மேல். அச்சடித்த பில் கிடையாது. நோட்டில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார், கேட்டால்தான். ஜிபே உண்டு, ஆனால் பையன் இருந்தால்தான். கொஞ்சம் கண்டிப்பாகவும் பேசுவார். முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஊர் வந்துவிடட்டும் என்று ஓட்டி வந்த ஒரு வேன் டிரைவரை, வந்தவர் போனவர் எல்லார் முன்னாலும் வைத்துக் காய்ச்சி எடுத்தார்.

காமன் ரெயில் வண்டிகளை (கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடுகிற புது வகை) எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சென்சார், ஸ்கேனர் என்றால் ராமநாதபுரம் போங்கள் என்று அவரே அனுப்பிவிடுவார். குவாலிஸ், பழைய சுமோ, பொலேரோ, மார்ஷல், டீசல் அம்பாசடர், இதெல்லாம் அவர் கை. வள்ளத்து எஞ்சின்களும் வரும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாத விசைப்படகுக்காரர்கள் எஞ்சின் வேலையைக் கொண்டுவந்து குவித்துவிடுவார்கள், அப்போது கார் வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்குப் பிறகு கடை திறந்தாலும் திறக்கலாம்.

வண்டியை எடுக்கும்போது அவர் சொன்னதில் ஒன்று மட்டும் நான் தவறாமல் செய்கிறேன். தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் போய்வந்தால் அன்றைக்கே எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, நல்ல தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சி ரேடியேட்டரைக் கழுவுவது. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் கூடாது, தகடு மடங்கிவிடும். காவிரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் காருக்கு நல்ல தண்ணீரா என்று வீட்டில் ஏச்சு விழுகிறது. ஏசி கண்டன்சரும் அதே உப்பில் பாதி போய்விட்டது, ஏசி சரியாகக் குளிராது, இன்னும் ஒரு வருஷம் தள்ளலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். அதற்குக் கண்டுபிடிச்ச கூலி வாங்கவில்லை.